முக்காற்புள்ளிக்குக் கீழே முக்காற்புள்ளி

தாலுகா ஆபீசுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருப்பவனுக்கு, முக்காற்புள்ளியை நேராக நிறுத்துவதிலேயே பாதி ஆயுள் போய்விடும். விண்ணப்பப் படிவம் என்றால் வரிசை எண், தலைப்பு, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் ஓரம் வரைக்கும் புள்ளி. அந்த முக்காற்புள்ளிகளெல்லாம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கே நிற்கிறது? 'பெயர்' வரியில் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுக் கூடத் தட்டினால் வலப்பக்கம் துருத்துகிறது, ஒன்றைக் குறைத்தால் உள்ளே போகிறது. அரைத் தட்டு என்று ஒன்று கிடையாது.

எல்லாம் டைப்ரைட்டர் பழக்கம். அதில் நகராத விசைகளை விட்டால், எதைத் தட்டினாலும் வண்டி ஒரே அளவுதான் நகரும். எண்ணித் தட்டினால் முக்காற்புள்ளி சொன்ன இடத்தில் விழும். தமிழ் ஹையர் பாஸ் செய்த விரல்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் அதே கணக்கில் ஸ்பேஸ் பாரைத் தட்டுகின்றன. இங்கேயோ 'ர' ஒல்லி, 'ணை' குண்டு. லதா ஃபாண்டில் நேராக நின்றது, வேறு ஃபாண்டில் திறந்தால் கலைந்துவிடும். பாமினியில் அடித்ததென்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் விண்ணப்பதாரரின் பெயரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும்.

புள்ளியின் நீளம் இன்னொரு வேடிக்கை. வயதுக்கு ஒரு முழு வரி. மார்க்கண்டேயனே வந்து நிரப்பினாலும் இரண்டு இலக்கம்தானே! முகவரிக்கு அதில் பாதி. பழைய கதவு எண், புதிய கதவு எண், குறுக்குத் தெரு, அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமாம். படிவம் தயாரிக்கிறவர்கள் தாங்கள் தயாரித்ததை ஒரு தடவையாவது நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று அரசாணை போட்டால் தேவலை.

போன மாதம் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாமே தயாரித்த உறுப்பினர் படிவத்தோடு வந்தார். "தம்பி, மாதிரிக்கு என் பேரையே போட்டு ஒண்ணு நிரப்பிக் குடுங்க. புள்ளி மேலயே அடிங்க, என்ன?"

புள்ளி மேலே அடிக்க அது காகிதமா? பெயரை அடிக்க அடிக்கப் புள்ளிகள் வலப்பக்கம் ஓடி, அடுத்த வரியில் விழுந்தன. முகவரி முடிவதற்குள் 'இப்படிக்கு'ம் கையொப்பமும் இரண்டாம் பக்கத்துக்குக் குடிபோய்விட்டன. பிறந்த தேதிக்கு அவர் வரைந்து வைத்திருந்த எட்டுக் கட்டங்களும் வேறொரு வரிக்குப் பக்கத்தில் போய் நின்றன.

"இன்ஸர்ட் கீயை அமுக்குங்க. எழுத்து வந்தா புள்ளி போயிடும்."

ஓவர்டைப்பைப் போட்டேன். போயிற்று. ஆனால் ஒரு எழுத்து ஒரு புள்ளியைத்தான் தின்னும். இடமோ இரண்டு மூன்று புள்ளிக்கானதை எடுத்துக்கொள்ளும். வரி மறுபடியும் வழிந்தது.

"புள்ளி வேணாம், கோடு போட்டுடலாம்" என்று கீபோர்டைத் தம் பக்கம் இழுத்து, அடிக்கோட்டுக் குறியை மூன்று தடவை தட்டி என்டர் கொடுத்தார். வேர்ட் அதைப் பாராவின் பார்டராக மாற்றி, பக்கத்தின் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்தது. தேர்ந்தெடுக்கலாம் என்றால் மவுசுக்குப் பிடிபடாது, டெலிட்டுக்கும் மசியாது. பார்டர் மெனுவில் போய் 'நோ பார்டர்' கொடுத்தால்தான் போகும். ஐயா பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஒற்றை வரிக்கு என்றால் ரூலரில் வலது ஓரம் ஒரு ரைட் டேப் வைத்து, அதற்குப் புள்ளி லீடர் கொடுத்துவிடலாம். அடிக்க அடிக்கப் புள்ளிகள் தாமாகக் குறைந்து இடம் விடும். முகவரி மாதிரி நீண்டு போகிறவற்றுக்கு டேபிள்தான் கதி. எண்ணுக்கு ஒரு பத்தி, தலைப்புக்கு ஒன்று, முக்காற்புள்ளிக்கென்றே ஒல்லியாக ஒன்று, நிரப்ப அகலமாக ஒன்று. பார்டரையெல்லாம் எடுத்துவிட்டுக் கடைசிச் செல்லுக்கு மட்டும் அடிக்கோடு. உள்ளே இருப்பதற்கேற்ப அகலத்தை மாற்றிக்கொள்ளும் டிக்கையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீளமான தெருப் பெயர் ஒன்று பத்தியையே நெட்டித் தள்ளும். எல்லாம் முடித்து பிரிண்ட் எடுத்தேன். முகவரி நான்கு வரி ஓடியும் முக்காற்புள்ளி ஒன்றுகூட அசையவில்லை. கையொப்பமும் முதல் பக்கத்துக்கே திரும்பியிருந்தது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். புள்ளி இல்லாம ஃபார்ம் மாதிரியே இல்லையே, தம்பி?"

காலி படிவத்தில், நிரப்பும் செல்களில் எல்லாம் அடிக்கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளி லீடர் வைத்துக் கொடுத்தேன். டைப்பிங் சார்ஜில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிவிட்டு, திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.