அணக்கரையிலிருந்து கூட்டுறவுத் துறைக்கு ஒரு வாழ்த்து மடல்

மாண்புமிகு கேரளக் கூட்டுறவுத் துறை சமூகத்துக்கு,

இடுக்கி மாவட்டம் அணக்கரையிலிருந்து துண்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஏலக்காய் விவசாயி எழுதிக்கொள்வது. இங்கு நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள், 2025-ஐ ஐ.நா. சபையே பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததே!

2018 வெள்ளத்தில் மலை சரிந்து செடிகள் போயின. விவசாயக் கடன் வசூலை 2019 டிசம்பர் 31 வரை நிறுத்திவைத்தீர்கள். புண்ணியம். அசல் ஓய்வெடுத்தது, வட்டி மட்டும் ஒருநாளும் லீவு போடவில்லை. இதற்கிடையே 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய்க்குப் போனது. இடுக்கி மீண்டுவிட்டது என்றார்கள். வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடியை அழித்து, காய் இல்லாமல் போனதால்தான் அந்த விலை என்பதைச் சொல்லி யார் மனத்தையும் நோகடிக்க விரும்பவில்லை. புதுச்செடி காய்த்து நாங்கள் சாக்கை நிரப்பியபோது விலை ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தது.

மழைக்காலத்தில் பச்சைக்காயைச் சாக்கில் வைத்திருக்க முடியாது. நிறம் போகும், நிறம் போனால் விலையும் போகும். ஐந்து கிலோவை உலர்கூடத்தில் வைத்து உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். விறகுக்குப் பணம் வேண்டும். கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து காய் எடுக்கும் பெண்களுக்குக் கூலி வேண்டும். ஏலத்தில் விற்ற பணம் கைக்கு வரும்வரை அவர்கள் காத்திருப்பார்களா? முக்கிலிருக்கும் மலைச்சரக்குக் கடைக்காரர் முன்பணம் தருகிறார், நிலப் பட்டயம் கேட்பதில்லை. பதிலுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சங்கத்துக் கடனுக்குப் பட்டயம் கேட்கிறீர்கள், நியாயம்தான். ஏலமலைக் காடு வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதுப் பட்டயங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. பல வருடமாக நடக்கும் அந்த வழக்குக்கான விடையை, விண்ணப்பப் படிவத்தின் தீப்பெட்டியளவு கட்டத்துக்குள் நான் எழுத வேண்டியிருக்கிறது. பேனா மட்டும்தான் கையில் இருக்கிறது.

இன்னொன்று. 2021-இல் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி விவகாரம் வெளிவந்ததிலிருந்து, சீட்டுப் பணத்தைச் சங்கத்தில் போடச் சொன்னால் வீட்டில் அரிசிப்பானையைக் காட்டுகிறார்கள். டெபாசிட் வராத சங்கம் எதை எடுத்துக் கடன் கொடுக்கும்? எங்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்லி நடத்தும் வகுப்பை, ஒருமுறை உங்கள் தணிக்கைப் பிரிவுக்கும் நடத்திப் பார்க்கலாம்.

நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம். அவசியம் வாருங்கள். ஏலக்காய் மாலை போட்டு வரவேற்போம். இந்தப் பருவத்துக் காய் முழுக்க ஏற்கெனவே கடைக்காரர் கணக்கில் இருப்பதால், புகைப்படம் எடுத்தவுடன் மாலையைக் கழற்றித் தந்துவிடவும்.

இப்படிக்கு,
பங்குத்தொகை செலுத்திய உறுப்பினன்