குப்பையின் ஒத்துழையாமை

டெல்லி திமார்பூரில் 1987-இல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை எழும்பியது. டென்மார்க் தொழில்நுட்பம். நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்று கணக்கு. 21 நாள் ஓடியது. அப்புறம் படுத்துவிட்டது.

இயந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது. குப்பைக்குத்தான் தகுதி போதவில்லை. ஐரோப்பாவின் தொட்டிகளில் அட்டையும் காகிதமும் ஏராளமாக விழும். நம் நாட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுக் காசாக்காத வீடு உண்டா? பாட்டிலும் தகரமும் கபாடிவாலா (நம்மூர்க் காயலான் கடைக்காரரின் டெல்லிப் பங்காளி) தள்ளுவண்டியில் ஏறிவிடும். உலைக்கு மிஞ்சியது காய்கறித் தோல், கொதித்து ஓய்ந்த டீத்தூள், தெருவைப் பெருக்கிய மண். எரிவதற்கு வேண்டிய சூட்டில் பாதிகூட அதில் இல்லை. மின்சாரம் எடுக்கப்போன இடத்தில் அடுப்புப் பற்றவைக்கவே தடுமாற்றம்! குப்பையை முன்கூட்டியே ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் ஈரம் கையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் கோப்பில் ஏது ஈரம்?

அதே டெல்லியின் ஓக்லாவில் 2012-இல் வந்த ஆலையில் குப்பை நன்றாகவே எரிந்தது. புகை வேண்டாமென்று அக்கம்பக்கத்தார் முன்பே வழக்குப் போட்டிருந்தார்கள். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. தொடர்ந்து எரிக்கவும் அனுமதித்தது.