மூன்றே சாமான்

அமெரிக்காவில் எந்த விருந்துக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் வாசலில் நின்று வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு நலம் விசாரிப்பார்கள். இவர் உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பிளக் பாயின்ட் எங்கே?" இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த ஒரு மின்சாரப் பானை. மூடி நகராமல் இருக்க ஒரு ரப்பர் கயிறு. ஒயர் தொங்கி முழங்காலில் தட்டிக்கொண்டே வரும். காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கூட்டி வந்திருப்பார். வழியில் பிரேக் போட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்திருப்பார் என்பது முகத்திலேயே தெரியும்.

ஒஹையோவில் நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் ஒருவர் இருந்தார். ஆறு வருஷம் பக்கத்து இருக்கை. அவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆளுக்கொரு பண்டம் செய்துவரும் டிசம்பர் மாத பாட்லக் விருந்துக்கு என்ன கொண்டுவருவார் என்று கேட்டால் வாசல் காவலாளியே சொல்லிவிடுவார்.

பானையைத் திறந்தால் கருஞ்சிவப்புப் பாகில் பெருவிரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டி சாசேஜ்கள் மினுமினுத்துக்கொண்டு கிடக்கும். நம்மூர்க் கண்ணுக்கு நீட்டுவாக்கில் உருட்டிய காலாஜாமூன் போலத் தெரியும். எங்கள் குழுவில் இருந்த மயிலாப்பூர் சைவர் ஒருவர் ஆசையாகத் தட்டை நீட்டியே விட்டார். பக்கத்தில் பல்குச்சி டப்பா இருந்ததால் தப்பினார். ஜாமூனை யாராவது குச்சியால் குத்தித் தின்பார்களா என்று கடைசி நொடியில் உறைத்ததாம்.

செய்முறை கேட்டால் மனிதருக்கு உயரம் இரண்டு அங்குலம் கூடிவிடும். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார். அந்த நாட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த ரகசியம் அது. "மூணே சாமான்தான்!" ஏற்கெனவே வேகவைத்துப் புகை போட்ட குட்டி சாசேஜ் இரண்டு பாக்கெட், சில்லி சாஸ் ஒரு பாட்டில், திராட்சை ஜெல்லி ஒரு பாட்டில். கொட்ட வேண்டியது, கிளற வேண்டியது, மூட வேண்டியது. சின்னத் தீயில் இரண்டு மூன்று மணி நேரம். சாம்பாருக்கே பதினான்கு சாமான் எண்ணுகிற பரம்பரை நாம். பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட வேண்டியதுதான்."

தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. ஏற்கெனவே வெந்த பண்டத்தைச் சுட வைப்பதற்கு சமையல் என்று பெயர் வைத்து, அதற்கு இவ்வளவு கைதட்டலும் வாங்குகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த சில்லி சாஸ் என்பது நம்மூர் சைனீஸ் கடை மேஜையில் இருக்கிற சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். தக்காளி, வினிகர், சர்க்கரை, வெங்காயம். மிளகாயின் வேலை பெரும்பாலும் பெயரோடு முடிந்துவிடுகிறது. கெச்சப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

ஜெல்லியின் கதை இன்னும் பரிதாபம். அந்த நாட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயோடு சேர்த்துத் தடவித் தின்பது அது. அதற்கான கருநீலத் திராட்சையை 1849-ல் மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரில் எஃப்ரைம் புல் என்பவர் தோட்டத்தில் பாடுபட்டு வளர்த்தெடுத்தார். அதனால் பெரிதாகப் பணம் பார்த்தவர் இல்லை. தான் விதைத்ததைப் பிறர் அறுத்தார்கள் என்ற பொருளில் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். அறுத்தவர்கள் அதை சாசேஜ் தலையில் ஊற்றினார்கள் என்பதைக் கல்லில் சேர்க்கவில்லை. மனிதர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

பானைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சனிக்கிழமை ஓய்வு நாளில் யூதர்கள் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் லித்துவேனியாப் பக்கத்தில் வெள்ளிக்கிழமையே பீன்ஸும் இறைச்சியும் நிரப்பிய சட்டியை ஊர் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். தணிந்த சூட்டிலேயே இரவெல்லாம் வேகும் அந்தப் பண்டத்துக்கு சோலன்ட் என்று பெயர். தாய் சொன்ன இந்தக் கதையை மனதில் வைத்துத்தான் இர்விங் நாக்ஸன் என்பவர் மின்சாரச் சட்டிக்கு 1940-ல் காப்புரிமை பெற்றார். கான்சாஸ் சிட்டி கம்பெனி ஒன்று அதை வாங்கி, 1971-ல் கிராக்-பாட் என்று பெயர் சூட்டிக் கடைக்கு அனுப்பியது. பன்றியின் வாசமே படாத குலத்தில் பிறந்த பானை, இப்போது பிப்ரவரி மாதம் சூப்பர் பௌல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டம் நடக்கும் ஞாயிறன்று என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள்.

பானையைப் பிளக்கில் மாட்டியதிலிருந்து நம் பானைக்காரர் அதைவிட்டு ஆறடிக்கு மேல் நகர மாட்டார். யாராவது மூடியைத் தொட்டால், "திறக்காதீங்க, சூடு போயிடும்!" என்று அறையின் மறுகோடிக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல். கடைசி அரை மணி நேரத்தில் அவரே எழுந்து வந்து மூடியைச் சற்றே சாய்த்து வைப்பார். நீராவி போனால்தான் பாகு இறுகி சாசேஜில் ஒட்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் மனிதர் முகத்தில் கோயில் திரை விலக்குகிற குருக்களின் களை வந்துவிடும்.

சாப்பிடுகிறவர்களிலும் ஒரு வகை உண்டு. "ஐயே, ஜெல்லியா?" என்று மூக்கைச் சுளித்துவிட்டு, அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நாலு தடவை போய் வருவார்கள். ரெண்டுதான் எடுத்தேன் என்பார்கள். தட்டின் ஓரத்தில் ஒன்பது குச்சி சாட்சி சொல்லும். ஒரு வருஷம் எங்கள் ஆள், கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு, கின்வா சாலட் செய்துகொண்டு வந்தார். அன்றைக்கு அலுவலகத்தில் நிலவிய மௌனத்தை நான் ஆட்குறைப்பு அறிவித்த அன்றுகூடக் கேட்டதில்லை. அடுத்த வருஷம் பானை திரும்பி வந்தது.

நான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சூப்பர் பௌல் ஞாயிறு எங்கள் வீட்டில். ஆட்டம் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. பண்டம் புரிந்துவிட்டதே என்ற தைரியத்தில் நானும் ஒரு பானை வாங்கி வந்தேன். மூன்று சாமானையும் கொட்டிக் கிளறினேன். என் மனைவி கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, பாயசமா?"

அவ்வளவுதான் சொன்னாள். மேலே உள்ள டப்பாவை எடுத்தாள். அவள் அம்மா விருதுநகரிலிருந்து திரித்து அனுப்பிய மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி விழுந்தது.

நம்மவர் தன் பானையோடு வந்து சேர்ந்தார். மேஜையில் என் பானையைக் கண்டதும், பழைய கூட்டாளி எதிர்க்கட்சியில் சேர்ந்ததைப் பார்த்த பார்வை. ஆனாலும் கனவான். குச்சி எடுத்தார், குத்தினார், வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். காது மடல் சிவந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி.

ஒரு கோப்பைப் பாலைக் குடித்து முடித்துத்தான் அவருக்குக் குரல் வந்தது.

"இதில் நாலாவதா என்ன போட்டீங்க?"

"மிளகாய்."

காலி சாஸ் பாட்டில் இன்னும் மேடையில்தான் இருந்தது. அதை எடுத்து, லேபிளை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார்.

"அதுதான் இதிலேயே இருக்கே!"