தலையாட்டாத ரசிகர்கள்

வெளிதேசத்துக்குச் சங்கீதம் படிக்கப் புறப்படுகிறவருக்கு ஊரில் புத்தி சொல்லாதவர்கள் கிடையாது. குளிருக்கு எதை உடுத்துவது, தயிருக்கு எங்கே போவது என்றெல்லாம் விஸ்தாரமாக உபதேசித்த பெரியவர்களில் ஒருவராவது, வாசிப்பதைக் காட்டிலும் கேட்பதற்குத்தான் அங்கே அதிகப் பயிற்சி வேண்டும் என்று எனக்கு எச்சரிக்கை செய்ததில்லை.

மாணவர் பரிவர்த்தனைத் திட்டம் ஒன்றின் தயவால் நான் வியன்னா நகரத்துச் சங்கீதக் கலாசாலை ஒன்றுக்கு வயலினும் கையுமாகப் போய்ச் சேர்ந்தேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பியான பாலுசாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில் ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் பயின்று நம் சங்கீதத்துக்குள் அழைத்துவந்த அந்த வாத்தியம், மேல்நாட்டில் மோவாய்க்குக் கீழே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த கஷ்டமெல்லாம் தீர்ந்து, நம் மேடையில் வித்வானோடு சம்மணமிட்டு அமர்ந்து, அவருடைய வலது பாதத்தின்மேல் தலைசாய்த்து இரண்டு நூற்றாண்டுகள் சௌக்கியமாக வாழ்ந்துவிட்டது. அதைத் திரும்பவும் அதன் தாய்க்கண்டத்துக்குக் கொண்டுபோய் எழுப்பி நிறுத்தியபோது, கால் வலித்தது எனக்கே என்றாலும், இரக்கமெல்லாம் வயலின்மீதுதான் உண்டாயிற்று.

முதல் பாடத்திலேயே பேராசிரியை, “உங்கள் ஆதார சுருதி எது?” என்று வினவினார். பாடுகிறவருக்கு எது சௌகரியமோ அதுதான் என்று உண்மையைச் சொன்னேன். ஏனைய தேசங்களில் பல வினாடிக்கு 440 அதிர்வுகளோடு திருப்தியடைந்துவிட, தங்கள் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு 443-க்குக் குறையாது என்பதைக் குலப்பெருமையாகவே கருதும் அந்த ஊரில், என் பதில் அராஜகத்தைப்போல ஒலித்திருக்க வேண்டும். அடுத்து அவர் தோடி வாசிக்கச் சொல்லி, சுருதி காட்டும் கருவி ஒன்றை என் முன்னால் வைத்தார். காந்தாரத்துக்கு வந்தேன், முள் இப்புறமும் அப்புறமும் ஓடியதேயன்றி ஓரிடத்திலும் தங்கவில்லை. “அந்த ஸ்வரத்தில் கொஞ்சம் நில்லுங்கள்” என்றார். நின்றால் அது தோடியாக இராதே என்றேன். அவர் நெடுநேரம் யோசித்து, கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த ஒரு செய்கையினாலேயே அவர்மீது எனக்கு அபாரமான மரியாதை ஏற்பட்டது.

சாதகம் செய்வதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்குமேல் அக்கம்பக்கத்தாரின் நித்திரைக்குப் பங்கம் செய்யக்கூடாது என்ற நியதிக்கு உட்பட்டால் போதும். கச்சேரி கேட்கப் போவதில்தான் என் வித்தியாப்பியாசத்தின் கடினமான பாகம் தொடங்கிற்று. மாணவர்களின் பணப்பைக்கு ஏற்றது நின்று கேட்கும் இடமே. நம் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே சாஸ்திரப்படி அங்கே 1869-இல் திறக்கப்பட்ட மகோன்னதமான ஓப்பரா மாளிகையில், கைப்பிடிக் கம்பியில் மப்ளரைக் கட்டிவிட்டு நிம்மதியாக வெளியே உலாவி வருகிறார்கள். மப்ளரை அவிழ்க்க ஒருவரும் துணிவதில்லை. இவ்வளவு நாகரிகம் தெரிந்தவர்களோடு நமக்கு எளிதில் ஒத்துப்போகும் என்று நம்பித்தான் நான் முசிக்ஃபெரைன் மண்டபத்துக்குச் சென்றேன்.

1870-இல் திறக்கப்பட்ட அந்தப் பொன்மண்டபத்தில் 1,744 பேர் உட்கார்ந்தும், ஏறக்குறைய 300 பேர் நின்றும் கேட்கலாம். அத்தனை பேரும் மூச்சுவிடுகிறார்கள் என்பதற்கு அத்தாட்சி மட்டும் அகப்படாது. பிராம்ஸின் சிம்பனி ஒன்று நடந்துகொண்டிருக்கையில், என் வலது கை என் அனுமதியில்லாமலே கம்பியின்மீது தாளம் போடத் தொடங்கிற்று. அருகில் நின்ற கனவான் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மீண்டும் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு மனிதனைத் தாளம் தப்பச் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். தலையாட்டல் கூடாது, “பலே” கூடாது, அடுத்தவரிடம் ராகத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்பது கூடவே கூடாது. ஒரு பாகம் முடிந்து மறுபாகம் தொடங்குமுன் உள்ள சில வினாடிகளில், அதுவரை சேமித்து வைத்த இருமலையெல்லாம் அத்தனை பேரும் ஒருங்கே இருமித் தீர்க்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் பூரண சுதந்திரம் உண்டு.

இந்த மௌனம் அவர்களுடைய பரம்பரைக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1813 டிசம்பரில் பேத்தோவனின் ஏழாவது சிம்பனி இதே வியன்னாவில் முதன்முறை அரங்கேறியபோது, சபையோர் ஆரவாரம் செய்து இரண்டாம் பாகத்தைத் திரும்பவும் வாசிக்கச் செய்தார்கள். 1778-இல் பாரிஸில், தம் சிம்பனி நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் கைதட்டியதை மோட்ஸார்ட் பூரிப்போடு தந்தைக்குக் கடிதம் எழுதித் தெரிவித்ததோடு, அது முடிந்ததும் நேரே போய் ஐஸ் சாப்பிட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவரைச் சென்னைக்கு அழைத்து வந்திருந்தால் மார்கழி மாத சபாக் காண்டீன்களில் அவருக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். பின்னாளில், 1897-இல் வியன்னா ஓப்பராவின் பொறுப்பேற்ற மாலர் போன்ற கண்டிப்பான மகான்கள், தாமதமாக வருவோரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி, ஜனங்களுக்கு ஒழுக்கம் கற்பித்தார்கள். அபிப்பிராயம் கேட்பீர்களாயின், அந்த மௌனத்தில் ஒற்றைக் குழலின் மெல்லிய நாதம்கூடக் கடைசி வரிசைக்கு வந்து சேருகிறது என்பதை ஒப்புக்கொள்வேன். ஆனாலும் நல்ல இடத்தில் ஓர் “ஆஹா” சொல்லாமல் விழுங்குவது ஜீரணத்துக்கு உகந்ததன்று.

ஆகையால், பருவ முடிவில் கலாசாலையில் என் கச்சேரிக்கு ஏற்பாடான சமயம், நம் சம்பிரதாயங்களை முன்னதாக அரைமணி நேரம் சபையோருக்கு விளக்கினேன். தாளம் போடலாம், தலையாட்டலாம் என்றேன். மிருதங்கம் கிடைக்காத குறைக்கு, மரப்பெட்டியின்மேல் அமர்ந்து அதையே தட்டி வாசிக்கும் தாளவாத்திய மாணவர் ஒருவர் தனி ஆவர்த்தனம் வாசிக்கப் போகிறார் என்றும், அவ்வேளையில் எங்கள் ஊரில் பலர் எழுந்து காப்பி குடிக்கப் போவது வழக்கம் என்றும் ஒரு சுவைக்காகச் சேர்த்துச் சொல்லிவைத்தேன். வியன்னாக்காரர்களிடம் ஒன்றைச் சம்பிரதாயம் என்று சொல்லிவிட்டால் அதைப் பிசகாமல் அனுஷ்டிப்பார்கள் என்பது எனக்கு நினைவில்லை. பல வாரங்கள் பிரயாசைப்பட்டு ஆதி தாளத்தைப் பழகியிருந்த அந்த நண்பர் முதல் ஆவர்த்தனத்தைத் தொடங்கினாரோ இல்லையோ, முன்வரிசை முழுவதும், முகத்தில் புன்னகையின் சாயையும் இன்றி, ஆலயத்தில் எழுவதுபோல் பக்தி சிரத்தையோடு எழுந்து, கதவை ஓசைப்படாமல் திறந்து வெளியேறிற்று. நண்பர் கை ஓயாமலே என்னைப் பார்த்தார். நான் தந்திகளைச் சரிபார்ப்பதில் மும்முரமானேன். கோர்வை மூன்றாம் முறை வருகிற தறுவாயில் எல்லோரும் வரிசை குலையாமல் திரும்பி வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் என் பேராசிரியை. அவர் கையில் எனக்கும் ஒரு காப்பி இருந்தது.