மாசிச் சேறும் சில கேள்விகளும்

கே: கோடியக்கரைக்கு மார்கழியில் போனால்தானே பறவை அதிகம்? மாசியில் போய் என்ன பார்ப்பது? (கும்பகோணம் வாசகர்)

ப: தலை எண்ணப் போகிறீர்கள் என்றால் மார்கழி. அலங்காரம் பார்க்க மாசிக் கடைசி, பங்குனி. மார்கழியில் உள்ளான்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்; புத்தகத்தைப் புரட்டியே பொழுது போய்விடும். மாசி முற்ற முற்ற, வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் அங்கங்கே செங்கல் சிவப்பு எட்டிப் பார்க்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையும் காதருகே ஒரு கறுப்புப் பொட்டுமாகத் திரிகிறதே, அதற்குப் பெயருக்கேற்ற தலை வருவதே இப்போதுதான். ஒரே கூட்டத்தில் முழுப் பழுப்பு, அரைப் பழுப்பு, வெறும் வெள்ளை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குக் குடும்பம் நடத்தப் போகிறவை; உடுப்பை இங்கேயே மாற்றிக்கொண்டு கிளம்புகின்றன.

கே: வெளிநாட்டு விருந்தாளிகள் என்று எழுதுகிறார்களே, நம் ஊர்ப் பறவைக்கு மதிப்பில்லையா? (திருவாரூர் வாசகர்)

ப: கொசு உள்ளான் ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது, ஏப்ரல் வாக்கில் போகிறது. மாமனார் வீட்டில் ஏழெட்டு மாதம் இருப்பவரை விருந்தாளி என்பீர்களா? சைபீரியாவில் முட்டையிட்டு வரும் உள்ளூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அவ்வளவு தூரம் பறக்க பெட்ரோல்?

ப: கொழுப்பு. கொசு உள்ளான் சாதாரணமாக முப்பது கிராமைக்கூட எட்டாது. கிளம்பும் முன் சேற்றைக் கொத்திக் கொத்தித் தின்று உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. வழியில் இறங்கித் தின்னாமலே போகிறவையும் உண்டு: 2022இல் ஐந்து மாதப் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் இறங்காமல் கடந்தது. ஆகவே, ‘பறக்கும்போது படம் நன்றாக வரும்’ என்று கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்பும் அண்ணன்மாரே, நீங்கள் எரிப்பது அதன் டிக்கெட் காசு.

கே: பூநாரை ஏன் தலைகீழாகச் சாப்பிடுகிறது?

ப: அதன் அலகு அப்படி. கவிழ்த்து நீரில் விட்டால், நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகோரத்துச் சல்லடைத் தகடுகளில் பாசியும் குட்டி இறாலும் தங்கிவிடும். அந்த ரோஸ் நிறமும் சாப்பாட்டிலிருந்து வந்ததுதான். சரியான தீனி இல்லாவிட்டால் வெளுத்துப் போகும்.

கே: வேதாரண்யத்தில் உப்பளம் இருக்கும்போது பறவை எப்படிப் பிழைக்கும்?

ப: எந்தப் பாத்தி என்பதைப் பொறுத்தது. கடல்நீர் முதலில் தேங்கும் பாத்திகளில் புழுபூச்சி உண்டு, பறவையும் உண்டு. உப்பு விளையும் பாத்தியில் உப்பு மட்டும்தான். கோடியக்கரை 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. நீர் வரும் வாய்க்கால் அடைபட்டால் பறவை அந்தப் பட்டியலையா கொத்தித் தின்னும்?

கே: வெளிமான் தெரியுமா?

ப: தெரியும். கோடியக்கரையை 1967இல் சரணாலயம் ஆக்கியதே முக்கியமாக அதற்காகத்தான். பறவைக்காரர்கள் அதை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அதற்கும் அது சௌகரியம்.

கே: எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

ப: எட்டு மடங்கு போதும். பன்னிரண்டு வாங்கினால் உங்கள் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு தெரியும். விடிந்ததும் போங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெயில் ஏறினால் கானல் அலையில் மூக்கனும் ஆடும், உள்ளானும் ஆடும்.

கே: ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு கோடியக்கரைச் சதுப்பில் இறங்கி நடக்க ஆசை. (சென்னை வாசகி)

ப: அந்தக் கதையிலேயே வந்தியத்தேவன் அங்கே சேற்றில் புதைந்தான். கைகொடுக்கப் பூங்குழலி இருந்தாள். உங்களுக்கு வனத்துறை இருக்கிறது, ஆனால் முதலில் திட்டும்.

கே: பறவை பார்க்க என்ன நிறத்தில் சட்டை போடலாம்?

ப: மண் நிறம். வேறு நிறத்தில் போனாலும் திரும்பும்போது அதுதான்.