லென்ஸ் மாமா

திருப்பூரில் தெருவுக்கு ஒரு லென்ஸ் மாமா உண்டு. பனியன் கம்பெனியில் இருபது வருஷம் துணி செக்கிங் பார்த்தவர். சட்டைப்பையில் பேனா இருக்காது. மடக்கு லென்ஸ் இருக்கும். ஓர் இஞ்ச் சதுரத்துக்குள் எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்களே, அந்த லென்ஸ். கல்யாண வீட்டில் எதிரே வருகிற பையனைத் தோளில் தட்டி நலம் விசாரிக்கிற சாக்கில் டீ-சர்ட்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "180 ஜிஎஸ்எம் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் பந்திக்குப் போவார்.

தெருவில் யார் எது வாங்கினாலும் இவரைக் கூட்டிப் போவது வழக்கம். கூப்பிடாவிட்டாலும் வருவார். 2018இல், எங்கள் கல்யாண டிவிடியைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்ற ஒரு லேப்டாப் வாங்கலாமா என்று வீட்டுக்குள்தான் பேசினோம். மறுநாள் காலை என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கடைப்பையன் ஒரு லேப்டாப்பைத் திறந்து, "புல் எச்டிங்ணா" என்றான். மாமா லென்ஸை விரித்துத் திரைமேல் வைத்துக் குனிந்தார். கடையே அமைதியாகிவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் திரை என்று நாம் நினைப்பதில் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மும்மூன்று குச்சியாகப் பாத்தி கட்டி நட்டது மாதிரி இருந்தது. குண்டூசி முனையால் எண்ணிக்கொண்டே போனவர், பையன் தும்மியதில் கணக்கு விட்டுப்போய், சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இஞ்சுக்கு நூத்தி நாப்பது சொச்சம். அந்தச் சல்லிசு மெஷினு நூறுதான். இதுதான் பைன் கேஜு."

கணக்கு சுத்தம். 15.6 இஞ்ச் திரையில் 1920க்கு 1080 என்றால் இஞ்சுக்கு 141 புள்ளி. 1366க்கு 768 என்றால் 100. ஆனால் வீடியோவை மாற்றுகிற வேலைக்கும் திரைக்கும் சம்பந்தமே கிடையாது. திரை பார்க்கத்தான்; மாற்றுவது உள்ளே இருக்கிற சிப். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப உள்ள இருக்கறதக் காட்டச் சொல்லு மாப்ள."

பையன் கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருந்த என்விடியா ஸ்டிக்கரைக் காட்டினான். மாமா சிரித்தார்.

"ஏங்கண்ணு, ஊர் உலகத்து லேபிளெல்லாம் இங்கதான் வச்சுத் தைக்கறோம். லேபிளப் பாத்து வாங்கறவன் திருப்பூர்க்காரனா?"

அவர் பழக்கதோஷத்தில் சொன்னதுதான், ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. அந்த லேப்டாப்பில் இருந்த எம்எக்ஸ் 150 சிப்பில், வீடியோவை மாற்றித் தருகிற என்கோடர் பகுதியே கிடையாது. ஸ்டிக்கரில் பெரிதாகப் பேசப்படாத இன்டெல்லின் சாதா கிராபிக்ஸில் 2011 முதலே குயிக் சிங்க் என்று அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நான் இதை விளக்குவதற்குள் மாமா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

"பல்க் ஆர்டருக்கு முன்னால சாம்பிள் ஓட்டோணும். ரெண்டுலயும் ஓட்டு."

ஸ்டிக்கர் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. இரண்டிலும் அதே ஐ5. பென்டிரைவில் கொண்டுபோயிருந்த முகூர்த்தம் ஐந்து நிமிஷத்தை குயிக் சிங்க்கில் போட்டோம். மாமா வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றாகவே முடித்தன. ஸ்டிக்கர் இல்லாததை எடுத்துக்கொண்டு, மிச்சமான காசில் மாமாவுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மாமா இல்லாவிட்டாலும் ஒரு பென்டிரைவாவது கொண்டுபோங்கள்.

அன்று சாயங்காலம் மாற்றிய படத்தைப் பார்க்க வந்தார். நிறுத்தச் சொல்லி, திரையில் நின்ற மணப்பெண்ணின் முகத்தில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மெஷினு மேல தப்பில்ல மாப்ள. நூலு வந்தப்பவே சரியில்ல."

காபியோடு வந்த என் மனைவி அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அவர் சொன்னது டிவிடியைத்தான். அதில் இருப்பது 720க்கு 576 புள்ளி, அவ்வளவுதான்.