அசையாதீங்க!

கேமராக்காரர்கள் வட்டத்தில் அவர் மேக்ரோக்காரர். தெருவில் பூச்சி சார். முன்பெல்லாம் ஊருக்கு ஒருவர் இருப்பார். இப்போது சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒருவராவது தேறுகிறார்.

அவர் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். மேக்ரோ லென்ஸ் மாட்டி, போகக்கூடிய கடைசி நெருக்கத்துக்குப் போனால் எதிரே அதே அளவு இடம்தான் படத்தில் விழும். தீப்பெட்டியைவிடச் சின்னது. அதற்குள் அடங்காத எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. வால்பாறைக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் தலைக்கு மேல் கிளை தாவும். வேன் மொத்தமும் அண்ணாந்து நிற்கும். அவர் மட்டும் சாலையோரம் பாசிக்குள் முகத்தைப் புதைத்திருப்பார். "குரங்கு பாத்தீங்களா சார்?" என்றால், "எங்கே?" என்று தரையைத் தேடுவார்.

உள்ளூரில் அவருக்கு விடிகாலைப் பூங்கா. உடம்பில் சூடு ஏறினால்தான் பூச்சிக்கு இறக்கை அசையும். ஆகவே தட்டான் பனித்துளியோடு புல்லில் விறைத்துக் கிடக்கும்போதே போய்விட வேண்டும். அந்த நெருக்கத்தில் தெளிவாக விழுவதோ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். மூச்சு விட்டால் கண்ணின் தெளிவு முதுகுக்கு நகர்ந்துவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு புதரோரம் குப்புறக் கிடப்பார். நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர்களுக்கு இந்த ஒளியியல் எங்கே தெரியும்?

"சார்... சார்!"

பதில் இல்லை. வாயைத் திறந்தால் ஃபோகஸ் போய்விடும்.

"ஐயையோ, லோ சுகர்ங்க! யாராவது சாக்லேட் வச்சிருக்கீங்களா?"

"ஷூவைக் கழட்டி உள்ளங்காலைத் தேய்ங்க!"

"மொதல்ல புரட்டிப் போடுங்க!"

புரட்டிப் போடுவார்கள். தட்டான் போய்விடும். மூச்சு திரும்பியதும் அவர் சொல்கிற முதல் வார்த்தை அச்சுக்கு ஆகாது.

ஃபிளாஷை நேராக அடித்தால் வண்டின் முதுகு வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு டிஃப்யூசர் வேண்டும். கடையில் விற்பது எதுவும் அவருக்குச் சரிப்படாது. தெர்மாகோல், தயிர் டப்பா, சிப்ஸ் வந்த குழாய் என்று வீட்டில் வெள்ளையாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கேமரா முனைக்குப் போயிற்று. கடைசியில் இட்லித் துணி. "அலசித் தந்துடறேன்" என்றார், அது எங்கெல்லாம் போய் வந்தது என்பதைச் சொல்லாமல்.

போகி நெருங்கினால் வீட்டில் இன்னொரு சண்டை.

"நகருங்க, ஒட்டடை அடிக்கணும்."

"தாராளமா அடி. ஆனா ஜன்னலோரம் இருக்கறவளை விட்டுடு. இரை பிடிக்க அவ வலையே கட்டறதில்லை. குதிச்சுத்தான் பிடிப்பா."

"யாரு அவ?"

"எட்டுக் கண்ணு. முன்னால இருக்கற ரெண்டும் பெரிசு. நான் எந்தப் பக்கம் போனாலும் திரும்பித் திரும்பிப் பாக்கறா."

"நானும்தான் இத்தனை வருஷமாப் பாத்தேன்" என்று அந்த அம்மாள் ஒட்டடைக் கொம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

கையில் இருப்பது 100 எம்எம் லென்ஸ். கனவில் வருவது கேனனின் 65 எம்எம். பூச்சியை ஐந்து மடங்கு வரை பெருக்கிக் காட்டும். இருக்கிற அளவைவிடச் சிறிதாக்கிக் காட்ட அதற்குத் தெரியாது. அதாவது, ஒரு மனித முகம் அதில் ஒருகாலும் அடங்காது. அதன் பெரிய சிறப்பே அதுதான் என்பது அவர் கட்சி. கல்யாண வீடுகளில், "இவ்ளோ பெரிய கேமரா வச்சிருக்கீங்க, குடும்பத்தோட ஒண்ணு எடுங்க மாமா" என்று யாரும் கேட்க முடியாதே! கேட்டதற்கு ஒருமுறை எடுத்துக் கொடுத்தார். மணப்பெண்ணின் மூக்குத்தி அற்புதமாக வந்திருந்தது. மூக்கு பாதிதான்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. வாசல் மாமரத்திலிருந்து வந்ததோ என்னவோ, மாப்பிள்ளைப் பையனின் காலரில் ஒரு முசுறு எறும்பு ஊர்ந்தது. பையனின் அம்மா தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"அசையாதீங்க!"

கூடமே உறைந்தது.

"எறும்புதானே சார்?"

"எறும்புக்கு ஆறு கால். இதுக்கு எட்டு, எண்ணிப் பாருங்க. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டுது பாத்தீங்களா? முசுறு வேஷம் போட்ட சிலந்தி." சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிக் கேமராவோடு திரும்பினார். பையன் மூச்சு விடவில்லை. பயம்தான், ஆனால் படத்துக்கு நல்லது.

வந்ததிலிருந்து வாயே திறக்காத பையனின் அப்பா மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தார். இட்லித் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நூறா, அறுபத்தஞ்சா?"

"நூறுதாங்க. அறுபத்தஞ்சுக்கு வீட்ல சம்மதமில்லை."

"நம்ம வீட்லயும் அதே கதைதான், சம்பந்தி."

அதற்குள் பெண் காபித் தட்டோடு வந்து நின்றாள். இரண்டு தகப்பன்மாரும் தலையைத் திருப்பாமலே சொன்னார்கள்: "அந்தப் பக்கம் தள்ளி நில்லும்மா, நிழல் விழுது."